டெலவேரில் ஒருநாள் பயணங்கள்: வயதான பெற்றோருடனும் பத்து வயது மகளுடனும் எங்கிருந்து தொடங்குவது?

நூவார்க்_குடித்தனம்:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக டெலவேர் மாநிலத்தின் நூவார்க் நகரில் வசிக்கிறோம். (நியூ ஜெர்சியில் இருக்கும் நகரம் அன்று. இதைச் சொல்லாமல் விட்டால் உறவினர்கள் அங்கேயே விமானச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள்.) என் பெற்றோர் மே இரண்டாம் வாரத்தில் மதுரையிலிருந்து வந்து ஜூன் இறுதிவரை எங்களுடன் தங்கவிருக்கிறார்கள். சென்ற முறை நயாகரா, வாஷிங்டன், நியூயார்க் என்று எல்லாரும் காட்டும் இடங்களையே நாங்களும் காட்டினோம். ஊர் திரும்பும் நாளில் அப்பா, "நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தை மட்டும் காட்டவே இல்லையே" என்றார்.

அவர் முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் அரை மைல் நடப்பார், படிகளைக் கண்டால் தயங்குவார். மகளுக்கு உயிரினங்கள் மீதுதான் ஈடுபாடு. பழைய வீட்டின் நாற்காலி மேசைகளைப் பார்க்கச் சொன்னால் முகம் வாடிவிடும்.

கிடைப்பவை சனி, ஞாயிறு நாட்கள்தாம். வார நாட்களில் இரண்டு நாள் விடுப்பு எடுக்கலாம். வடக்குத் தெற்காக மாநிலம் முழுவதுமே நூறு மைலுக்கும் குறைவு என்பதால் நியூ காசில், டோவர், லூயிஸ் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரவு வெளியே தங்காமல், வரலாறும் இயற்கையும் கலந்து, நான்கைந்து பயணங்களாக இதை எப்படிப் பிரிக்கலாம்? எதை விட்டுவிடலாம் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பிராண்டிவைன்_கரை:

உங்கள் கணவர் சொல்வது நடக்காத காரியம் அன்று. நான் இங்கு வந்த புதிதில் அப்படித்தான் மூன்று ஊர்களையும் ஒரே நாளில் சுற்றினேன். மாலையில் எனக்கு நினைவில் நின்றவை 1-ஆம் எண் நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடிகள் மட்டுமே.

மாநிலத்தை மைல் கணக்கில் பிரிக்காமல் நிலத்தின் இயல்பை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். வடகோடியில் மேடும் பள்ளமுமான நிலத்தில் பிராண்டிவைன் ஆறு பாறைகளுக்கிடையே வேகமாக இறங்குகிறது; அந்த வேகத்தை நம்பித்தான் ஆலைகள் வந்தன. 1829-இல் வெட்டி முடித்த செசபீக் - டெலவேர் கால்வாயைத் தாண்டினால் தட்டையான வயல்களும் சதுப்பு நிலமும் தொடங்குகின்றன. இங்குள்ளவர்கள் "கால்வாய்க்குக் கீழே" என்று சொல்வது வேறொரு நாட்டைச் சொல்வதுபோலவே ஒலிக்கும். அதற்கும் தெற்கே மணலும் கடலும் சைப்ரஸ் குட்டைகளும் இருக்கின்றன. ஒரு நாளுக்கு ஒரு நிலம் என்று வைத்துக்கொண்டால் வரலாறும் இயற்கையும் தாமாகவே சேர்ந்து வரும், ஏனென்றால் இங்கே ஒன்று மற்றொன்றால் உண்டானது.

முதல் பயணமாக ஹேக்லிக்குச் செல்லுங்கள். பிரான்சிலிருந்து வந்த இ. ஐ. டூபான்ட் 1802-இல் வெடிமருந்து ஆலையை நிறுவிய இடம் அது. ஆற்றோரமாக வரிசையாக நிற்கும் ஆலைக் கட்டடங்களை உங்கள் தந்தை சற்று நின்று கவனிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் மிகத் தடித்த கல்சுவர் உண்டு. ஆற்றைப் பார்க்கும் நான்காம் பக்கத்தில் கல்சுவர் இல்லை, கூரையும் கனமற்றது. மருந்து வெடித்தால் அதன் வேகம் முழுவதும் அடுத்த ஆலையின் மீது பாயாமல் ஆற்றின் பக்கம் போகவேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். பொறி பறக்கக்கூடாது என்று தொழிலாளர்கள் இரும்பு ஆணி இல்லாமல் மரமுளை அடித்த காலணிகளையே அணிந்தார்கள். அப்படியிருந்தும் 1921-இல் ஆலை மூடப்படும் வரையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் வெடிவிபத்துகளில் இறந்தார்கள். ஒருவர் அவ்வாறு இறந்தால் "ஓடையைக் கடந்து போய்விட்டார்" என்று சொல்வது அவர்களிடையே வழக்கமாக இருந்தது. அந்தத் திறந்த சுவரின் அருகே நின்று எதிர்க்கரையைப் பார்க்கும்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும்.

ஹேக்லி பெரிய வளாகம் என்றாலும் உள்ளேயே பேருந்து ஓடுகிறது. உங்கள் தாயாருக்குச் சிரமம் இராது. உணவுக்குப் பிறகு அருகிலுள்ள பிராண்டிவைன் கிரீக் மாநிலப் பூங்காவுக்குச் சென்றால், மே இறுதியில் டியூலிப் மரங்கள் பூத்திருக்கும். மரங்கள் மிக உயரமானவை என்பதால் பூவைக் கிளையில் தேடுவதைவிடத் தரையில் தேடுவது எளிது. அந்த வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

வின்டர்தூர் மாளிகையில் 175 அறைகள் இருக்கின்றன. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மகளை அதற்குள் அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது. தோட்டத்தை மட்டும் பார்க்கலாம். மாநிலத்தின் மிக உயரமான இடம் என்று ஈப்ரைட் என்னும் இடத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஒரு குடியிருப்புச் சாலையின் ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 அடி உயரத்தில், ஒரு பலகை நிற்கிறது, அவ்வளவுதான். யானைமலையைப் பார்த்து வளர்ந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் சிரித்துவிடுவார்.

இரண்டாம் பயணமாக நியூ காசிலைக் காலையிலும், டெலவேர் கோட்டை இருக்கும் பீ பேட்ச் தீவைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஓதம்_பார்ப்பவர்:

உங்கள் பெற்றோர் வரும் மாதங்களைப் பார்த்ததும் எழுதாமல் இருக்கமுடியவில்லை. மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரை டெலவேர் விரிகுடாவில் நடப்பதைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இங்கேயே இருக்கும் நம்மவர்களில் பலர் ஒருமுறைகூடப் போனதில்லை.

லாட நண்டுகள் உலகிலேயே மிக அதிகமாகக் கரையேறி முட்டையிடும் இடம் இந்த விரிகுடாதான். பெயரில் நண்டு இருந்தாலும் இவை நண்டினம் அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. ஒரு பெண் லாட நண்டு ஈரமணலில் குழி பறித்து ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 4,000 முட்டைகள் வீதம் பல தொகுதிகளாக இடும். அதே நேரத்தில் தென்னமெரிக்காவின் தென்கோடியான டியெர்ரா தெல் ஃபுவேகோவிலிருந்து ஆர்க்டிக் நோக்கிப் பறந்துகொண்டிருக்கும் ரெட் நாட் என்னும் உள்ளான் வகைப் பறவைகள் இங்கே இறங்கி, இரண்டே வாரங்களில் அந்த முட்டைகளைத் தின்று உடல் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டு கிளம்புகின்றன. பறவை பிந்தினாலும் முட்டை பிந்தினாலும் பறவைக்குத்தான் இழப்பு. 2014-இல் இப்பறவை அமெரிக்காவின் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த உயிரினத்தின் குருதி நீல நிறம். அதில் செம்பு கலந்த புரதம் இருப்பதே காரணம். ஊசிமருந்துகளில் பாக்டீரிய நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்கப் பல ஆண்டுகளாக இந்தக் குருதியிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். உலகிலுள்ள நான்கு வகைகளில் இரண்டு நம் நாட்டில், ஒடிசா, வங்கக் கரைகளில் வாழ்கின்றன என்பதை உங்கள் தந்தைக்குச் சொல்லலாம்.

நாள் தேர்வுக்கு உங்கள் தாயாரின் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றையும் அவற்றுக்கு முன்பின் இரண்டு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்; அப்போது ஓதம் மிக உயர்ந்து வரும், இந்த விரிகுடாவில் அந்த உயர் ஓதம் மாலை இருட்டிய பின் அமையும். ஊர் நாட்காட்டிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் நாள் ஒன்று முன்பின் ஆகலாம், அதனால் கெடுதல் இல்லை. மணிக்கணக்கை மட்டும் நோவா (அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம்) வெளியிடும் ஓத அட்டவணையில் அந்தந்தக் கரைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்து அலை எழும்பினால் லாட நண்டுகள் பெரும்பாலும் கரையேறுவதில்லை. நான் ஒருமுறை நண்பர்கள் எட்டுப் பேரை அழைத்துச் சென்று, வெறும் அலையைக் காட்டித் திருப்பி அழைத்து வந்திருக்கிறேன்.

இதை ஒட்டி ஒரு நாளை இப்படி அமையுங்கள். பிற்பகலில் டோவர் நகரின் பசுந்திடலுக்குச் செல்லுங்கள். 1787 டிசம்பர் 7 அன்று அந்தத் திடலோரம் இருந்த ஒரு சத்திரத்தில் முப்பது பேராளர்கள் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல், மற்ற எல்லா மாநிலங்களுக்கும் முன்பாக அமெரிக்க அரசியலமைப்பை ஏற்றார்கள். அதனால்தான் இது "முதல் மாநிலம்"; நம் வண்டிகளின் எண் பலகையில் இருக்கும் சொல். சத்திரம் இப்போது இல்லை, 1791-இன் பழைய மாநில அவைக் கட்டடம் இருக்கிறது. அங்கிருந்து சில மைல் தென்கிழக்கே, கிட்ஸ் ஹம்மக் சாலையில், பிரிட்டனுக்கு எதிராகக் குடியேற்றங்களின் உரிமைகளைப் பற்றி எழுதிய ஜான் டிக்கின்சனின் தோட்டப்பண்ணை வீடு உள்ளது. அதே சாலையில் இன்னும் சற்றுப் போனால் செயின்ட் ஜோன்ஸ் சதுப்புநிலக் காப்பகமும் அதன் மரப்பலகை நடைபாதையும் வரும். சாலை முடியும் இடம் லாட நண்டுகள் வரும் கரை. பொழுது சாயும்போது அங்கே இருந்தால் போதும். கரையோரம் மக்கள் குடியிருக்கிறார்கள், கார் நிறுத்த இடமும் குறைவு; குரல் தாழ்த்திப் பேசுவதும் வீட்டு வாசல்களை மறைக்காதிருப்பதும் நம் பொறுப்பு.

புரண்டு கிடக்கும் லாட நண்டைக் கண்டால் ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்துத் திருப்பி விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அது கொடுக்கு இல்லை, கொட்டாது. தானே நிமிர்ந்துகொள்ள அதற்கு இருக்கும் ஊன்றுகோல் அதுதான், பிடித்து இழுத்தால் மூட்டு கெட்டுவிடும்.

வேறொரு நாள் ஸ்மைர்னா அருகிலுள்ள பாம்பே ஹுக் வனவிலங்குப் புகலிடத்துக்குப் போகலாம். பெயரைக் கேட்டதும் உங்கள் தந்தை பம்பாயைப் பற்றிக் கேட்பார், தொடர்பே இல்லை. சிறுமரங்கள் நிற்கும் முனை என்று பொருள்படும் டச்சுச் சொல் நாளடைவில் திரிந்து இப்படி ஆயிற்று. 1937-இல் அமைக்கப்பட்ட இந்தப் புகலிடம் ஏறத்தாழ 16,000 ஏக்கர். பன்னிரண்டு மைல் சுற்றுச்சாலையில் காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாநிலத்தில் இல்லை என்பேன். ஆயிரக்கணக்கான பனிவாத்துகளைப் பார்க்க இலையுதிர்காலம் வரவேண்டும், உங்கள் பெற்றோருக்கு அது கிட்டாது. ஆனால் மே மாதத்தில் கரைப்பறவைகளும் கொக்குகளும் நிறைய இருக்கும்.

நூவார்க்_குடித்தனம்:

இருவருக்கும் மிக்க நன்றி. நாட்காட்டிச் செய்தியை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அமாவாசைக்கு அமெரிக்காவிலும் வேலை இருக்கிறதா என்று கேட்டார். நியூ காசில், டெலவேர் கோட்டை இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் அம்மாவால் முடியுமா? கோட்டைக்குப் படகில் ஏற வேண்டும் என்பதால் தயங்குகிறேன்.

பழைய_சுவடு:

பிராண்டிவைன்_கரை எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். இந்த இரண்டையும் ஒரே நாளில் சேர்ப்பதை மட்டும் ஏற்கமாட்டேன். நியூ காசிலின் தெருக்கள் உருண்டைக்கல் பாவியவை, நடைபாதைகளின் செங்கல்லை மரவேர்கள் தூக்கியிருக்கும். தூரம் குறைவானாலும் கால் ஒவ்வொரு அடியிலும் கவனம் கேட்கும். அதற்குப் பிறகு படகு, தீவில் இழுவண்டி, கோட்டைக்குள் கருங்கல் சுழற்படி என்று போனால் உங்கள் தாயாருக்குப் பெரும் பாடாகிவிடும். கோட்டைக்கு உங்கள் கணவரும் மகளும் தந்தையும் தனியாக ஒரு நாள் போகட்டும். படகு டெலவேர் சிட்டியிலிருந்து புறப்படுகிறது, வெப்பமான மாதங்களில் மட்டுமே ஓடுகிறது. எந்தெந்தக் கிழமை என்பதை மாநிலப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும்.

பட்டாணி ஏற்றிவந்த படகு மணல்திட்டில் தட்டி, சிந்திய பட்டாணி முளைத்துத் தீவு உண்டானது என்பது பீ பேட்ச் (பட்டாணித் திட்டு) என்னும் பெயருக்குச் சொல்லப்படும் கதை. உண்மை இனிமையானதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது போர்க்கைதிகளின் முகாம். 1863-இல் கெட்டிஸ்பர்க் போருக்குப் பின் 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள், பெரும்பாலோர் கோட்டைக்கு வெளியே மரக்கொட்டகைகளில். அங்கே இறந்த 2,400-க்கும் மேற்பட்ட தென்தரப்பினர் எதிர்க்கரையில், நியூ ஜெர்சியின் ஃபின்ஸ் பாயிண்டில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே தீவின் ஒரு பகுதி இப்போது கொக்குகளும் அன்றில்களும் கூடு கட்டும் காப்பிடம். ஆகையால் உங்கள் மகளுக்கும் அங்கே வேலை உண்டு.

நியூ காசிலுக்கு ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். 1682 அக்டோபரில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் அங்கே இறங்கியபோது, நிலம் அவருக்கு உரிமையானதற்கு அடையாளமாகக் கோட்டையின் சாவியோடு, குச்சி செருகிய ஒரு புல்வேர் மண்கட்டியையும், ஆற்றுநீரும் மண்ணும் இட்ட ஒரு கிண்ணத்தையும் கையளித்தார்கள். நிலத்தைத் தாரை வார்த்துக் கொடுக்கும் வழக்கம் தெரிந்த ஒரு தமிழ் வரலாற்று ஆசிரியர் இதைக் கேட்டால் அன்று முழுவதும் அதையே பேசுவார். அங்குள்ள நீதிமன்றம் 1732-இல் கட்டப்பட்டது. அதன் கோபுர உச்சியை மையமாக வைத்துப் பன்னிரண்டு மைல் ஆரத்தில் வரைந்த வட்டத்தின் ஒரு வில்தான் டெலவேரின் வட எல்லை. வரைபடத்தில் மாநிலத்தின் தலை உருண்டையாக இருப்பது அதனால்தான். 1776 ஜூன் 15 அன்று இந்தக் கட்டடத்தில்தான் பிரிட்டனிடமிருந்தும் பென்சில்வேனியாவிடமிருந்தும் ஒருசேரப் பிரிவதாக அறிவித்தார்கள்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு திரும்பினால் பாதிக் கதையைத்தான் பார்த்ததாக ஆகும். உள்நாட்டுப் போரில் டெலவேர் வடதரப்பில் நின்ற அடிமை மாநிலம். 1860 கணக்கெடுப்பில் இங்கே 1,798 பேர் அடிமைகளாக இருந்தார்கள், அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் திருத்தத்தை இம்மாநிலம் 1901-இல்தான் ஏற்றது. வில்மிங்டனில் இரும்பு வணிகம் செய்த தாமஸ் காரெட், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், தப்பியோடி வந்த அடிமைகளுக்குப் பல்லாண்டுகள் அடைக்கலம் கொடுத்தவர். அவரையும் ஜான் ஹன்னையும் 1848-இல் இதே நியூ காசில் நீதிமன்றத்தில்தான் விசாரித்துப் பெருந்தொகை கட்டும்படி தீர்ப்பளித்தார்கள். காரெட் அதன் பிறகும் அந்தப் பணியை விடவில்லை. சுதந்திரம் அறிவித்த கூடமும், சுதந்திரம் தேடியவர்களுக்கு உதவியவரைத் தண்டித்த கூடமும் ஒரே கட்டடம்.

ஓதம்_பார்ப்பவர் குறிப்பிட்ட டிக்கின்சன் தோட்டத்திலும் இதையே பார்க்கிறோம். உரிமை பற்றி அவ்வளவு எழுதிய டிக்கின்சன் அடிமைகளை வைத்திருந்தார், பிறகு விடுவித்தார். அடிமைகளையும் ஏழைத் தொழிலாளர்களையும் புதைத்த இடம் ஒன்று அந்த நிலத்தில் 2021-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நம் கையில் அடிக்கடி வரும் கால் டாலரில், 1999-இல் வெளியான டெலவேர் காசைத் தேடி எடுத்து உங்கள் தந்தையிடம் கொடுங்கள். அதில் குதிரையில் விரைபவர் சீசர் ராட்னி. 1776 ஜூலை முதல் நாள் இரவு இடிமழையில் ஏறத்தாழ 80 மைல் சவாரி செய்து ஃபிலடெல்ஃபியா சேர்ந்து, சுதந்திரத்துக்கு ஆதரவாக டெலவேரின் வாக்கைத் தீர்த்தவர். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால் வில்மிங்டன் சதுக்கத்திலிருந்த அவர் சிலையை 2020-இல் அகற்றினார்கள். காசில் இருக்கிறார், சதுக்கத்தில் இல்லை.

தெற்கு_மாவட்டம்:

லூயிஸ் பற்றிச் சுருக்கமாக. கோடைச் சனிக்கிழமைகளில் 1-ஆம் எண் சாலை கடற்கரைக்குப் போகிறவர்களால் நிறைந்துவிடும். எடுக்கக்கூடிய இரண்டு விடுப்புகளில் ஒன்றை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 1631-இல் டச்சுக்காரர்கள் அமைத்த குடியிருப்பு ஓராண்டு முடியும் முன்பே பூர்வகுடியினரோடு ஏற்பட்ட பகையில் அழிந்துபோனது. முந்நூறு ஆண்டுகள் கழித்து 1931-இல் நெதர்லாந்தின் ஹோர்ன் நகர மன்றத்தின் சாயலில் கட்டிய ஸ்வானந்தேல் அருங்காட்சியகம் அந்த நினைவாக நிற்கிறது. ஹென்லோபன் முனையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து மைல்ஸ் கோட்டையும் கான்கிரீட் கண்காணிப்புக் கோபுரங்களும் உள்ளன. 1945 மே மாதத்தில் சரணடைந்த ஜெர்மானிய நீர்மூழ்கி யு-858-ஐ இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

என்னைக் கேட்டால், கடலைவிட்டு உள்ளே வந்து லாரல் அருகிலுள்ள டிராப் பாண்ட் பூங்காவைப் பார்க்கச் சொல்வேன். சைப்ரஸ் மரங்கள் இயற்கையாக வளரும் வடகோடி எல்லைகளில் ஒன்று அது. மரஅறுவை ஆலைக்காகத் தேக்கிய குட்டையில், கடுந்தேநீர் நிறத் தண்ணீருக்குள் அடிமரம் பருத்த மரங்கள் நிற்கும். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்த நிழலும் அமைதியும் பழகியவையாகத் தோன்றும். அங்கிருந்து சற்றுத் தொலைவில் நான்டிகோக் ஆற்றைக் கடக்கும் வுட்லண்ட் ஃபெர்ரி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து படகு ஓடும் துறை. வடம் பற்றிச் செல்லும் இன்றைய படகு சில கார்களை ஏற்றிக்கொள்ளும், கட்டணம் கிடையாது. சில நிமிடப் பயணம்தான், ஆனால் குழந்தைகள் திரும்பவும் கேட்பார்கள்.

புல்லில் நடந்த எல்லாரும் வீடு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று உடலைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மே, ஜூனில் உண்ணிக் குஞ்சுகள் எள்ளளவே இருக்கும்.

நூவார்க்_குடித்தனம்:

பெற்றோரை வழியனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். ஐந்து பயணங்கள் திட்டமிட்டோம், நான்கு நிறைவேறின. லூயிஸ் போகமுடியவில்லை, அந்த விடுப்பு நாளில் மகளுக்குக் காய்ச்சல்.

ஹேக்லியில் அப்பா அந்த மூன்று சுவர்களைச் சுற்றி இருமுறை நடந்தார். சிவகாசியைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் கார் வீட்டு வாசலுக்கு வரும்வரை நிறுத்தவில்லை. நியூ காசிலில் நிலம் கையளித்த கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் "தாரை வார்த்திருக்கிறார்கள்" என்றார். செங்கல் நடைபாதை பற்றிய எச்சரிக்கை சரியானது. அம்மா ஆற்றங்கரைப் பூங்காவின் இருக்கையில் அமர்ந்துகொண்டு, நாங்கள் நீதிமன்றம் பார்த்துத் திரும்பும்வரை கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோவர் பயணத்தில் ஒரு தவறு செய்தோம். முதல் முறை போன மாலையில், திரும்பும்போது 9-ஆம் எண் சாலை வழியாக அழகாக இருக்கும் என்று வண்டியைத் திருப்பினோம். உயர் ஓதத்தில் சாலையின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் ஏறியிருந்தது. ஆழம் தெரியாத உப்புநீரில் இறங்கவேண்டாம் என்று அப்பா சொன்னதால், இருட்டில் பின்னோக்கி நகர்ந்து வந்து நெடுஞ்சாலையைப் பிடித்தோம். லாட நண்டு வருவதும் அந்தச் சாலையில் தண்ணீர் வருவதும் ஒரே ஓதத்தால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இதைப் படிப்பவர்கள் போகும்போது வேண்டுமானால் அந்த வழியில் போகலாம், திரும்பும்போது வேண்டாம்.

அன்று காற்று அடித்ததால் கரையில் பத்துப் பதினைந்துதான் இருந்தன. ஜூன் அமாவாசைக்கு மறுநாள் மீண்டும் போனோம், காற்றே இல்லை. இருட்டத் தொடங்கியதும் நீரோரத்தில் கவிழ்த்த சட்டிகள் அடுக்கி வைத்ததுபோல் ஒரு வரிசை தெரிந்தது, பிறகு அந்த வரிசை அசைந்தது. ஓட்டோடு ஓடு உரசும் ஒலியைத் தவிர வேறு சத்தம் இல்லை. அம்மா மடக்கு நாற்காலியில் அமர்ந்து எண்ணத் தொடங்கி, நூற்று அறுபதுக்குப் பிறகு விட்டுவிட்டார். மகள் புரண்டு கிடந்தவற்றை ஓட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே போனாள். ஒன்று மிகப் பெரியது, ஓட்டின்மீது சிறு சிப்பிகள் ஒட்டியிருந்தன, அவள் இரு கைகளாலும் தூக்க முடியாமல் தாத்தாவை அழைத்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கி அவரும் திருப்பினார்.

என் கணவர் இலையுதிர்காலத்தில் பனிவாத்து பார்க்கப் போவதற்கும் லூயிஸ் போவதற்கும் இரண்டு தனித்தனி நாட்களைத் தாமே குறித்து வைத்திருக்கிறார். பாம்பே ஹுக்கைப் பற்றி ஒரு சொல்: நாங்கள் ஜூன் கடைசி வாரத்தில் போனோம், அதற்குள் கடிக்கும் பச்சைத்தலை ஈக்கள் வந்துவிட்டன. மே மாதத்திலேயே போய்விடுங்கள். முடியாவிட்டால் காரின் கண்ணாடிகளை ஏற்றியே வைத்திருங்கள்.